படத்தைத் திறக்கவே இல்லை, அப்புறம் எப்படி போன் மாட்டும்?

கணக்குப்பிள்ளை_77:

எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு எச்சரிக்கை சுற்றி வரும். காலை வணக்கம் படங்களுக்குள் வைரஸை ஒளித்து அனுப்புகிறார்கள், பூப்படம் வந்தால் உடனே அழித்துவிடுங்கள், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று. நான் "இது புரளி" என்று பதில் போடுவேன், சித்தப்பா கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பூப்படம் அனுப்பாமல் இருப்பார், அப்புறம் பழையபடி ஆரம்பிப்பார்.

இப்போது ஒரு செய்தி படித்தேன். சாம்சங் போன்களில் ஒரு உளவு மென்பொருளை இறக்கியிருக்கிறார்கள், அது வந்த வழி டிஎன்ஜி என்ற வகைப் பட ஃபைல், வாட்ஸப்பில் வந்த போட்டோ மாதிரி அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள், போன் வைத்திருப்பவர் எதையும் தட்டவேண்டிய அவசியம்கூட இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இங்கேதான் இடிக்கிறது. எக்ஸ்இ ஃபைலை ஓட்டினால் வைரஸ் வரும், சரி. படம் என்பது எந்தப் புள்ளியில் எந்த நிறம் என்ற தகவல்தானே, அது எப்படி ஓடும்? அதிலும் திறக்காமலேயே எப்படி ஓடும்? நான் கணக்கு எழுதுகிற ஆள், கோட் எழுதத் தெரியாது, ஆனால் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் பிடித்துக்கொள்வேன்.

கூடவே ஒன்று. அப்பாவிடம் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு போன், அப்டேட் வருவது நின்று ரொம்ப நாளாகிறது. அதை என்ன செய்வது?

---

பழைய_சிஸ்டம்ஸ்_ஆள்:

சித்தப்பாவின் ஃபார்வர்டு புரளிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் படம் என்றால் வெறும் நிறப்புள்ளி என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் வழுக்குவது. எந்தப் பட ஃபைலும் நேராகத் திரைக்குப் போவதில்லை. அதைப் படித்து, சுருக்கியதை விரித்து, மெமரியில் இடம் ஒதுக்கி, அந்த இடத்தில் புள்ளிகளை அடுக்குகிற ஒரு புரோகிராம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, டிகோடர் என்பார்கள். அந்த டிகோடரைத் தடுக்கி விழவைக்கும்படி ஃபைலை எழுத முடிந்தால் போதும், படம் தானாக ஓடவேண்டியதில்லை, டிகோடரே ஓட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குத் தெரிந்து இந்த வகையில் உலகத்தையே ஒரு வாரம் உலுக்கியது 2005 டிசம்பரில் வந்த டபிள்யூஎம்எஃப் ஓட்டை. விண்டோஸ் மெட்டாஃபைல் என்பது விண்டோஸ் 3 காலத்துப் பட வகை. ஜேபெக் மாதிரி புள்ளிகளைச் சேமிக்காது. இங்கிருந்து அங்கே ஒரு கோடு போடு, இந்தக் கட்டத்துக்கு நீலம் பூசு, இந்த எழுத்துருவில் இதை எழுது என்று விண்டோஸின் வரையும் பகுதிக்கு, அதாவது ஜிடிஐக்கு, கொடுக்கவேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்திருக்கும். திரையில் காட்டினாலும் பிரிண்டருக்கு அனுப்பினாலும் அதே வரிசை ஓடும். அந்தக் காலத்து மெமரிக்கும் டிஸ்க்குக்கும் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு, அதைக் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் கட்டளைகளில் எஸ்கேப் என்று ஒன்று உண்டு. வரைவதைத் தவிர பிரிண்டரிடம் வேறு ஏதாவது பேசவேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துவார்கள். அதில் ஒரு உட்பிரிவுக்குப் பெயர் செட்அபார்ட்ப்ராக். பிரிண்ட் போய்க்கொண்டிருக்கும்போது பயனர் வேண்டாம் என்று நிறுத்தினால் எந்தக் கோடைக் (வரையும் கோடு இல்லை, புரோகிராம் கோட்) கூப்பிடவேண்டும் என்று சொல்லிவைப்பதற்கான வசதி. ஒரு அப்ளிகேஷன் தன்னுடைய கோடைத் தானே காட்டிச் சொன்னால் அதில் தப்பே இல்லை. ஆனால் அதே கட்டளை ஒரு படத்துக்குள் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஃபைலிலேயே வரும் பைட்டுகளைக் கோடு என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் ஓட்டியது. மெமரி வழிந்தது, எண் கணக்கு தப்பியது என்ற எந்தச் சிக்கலான வித்தையும் இல்லை. கேட்டது, செய்தது, அவ்வளவுதான்.

டிசம்பர் 27 அன்று விஷயம் வெளியே வந்தபோதே இணையத்தில் அதை வைத்துத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. எல்லா அப்டேட்டும் போட்ட எக்ஸ்பி மெஷினும் மாட்டியது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். டபிள்யூஎம்எஃப் ஃபைலை மட்டும் ஃபயர்வாலில் தடுத்துவிடலாமே என்றால் அதுவும் நடக்கவில்லை. பெயரில் ஜேபிஜி என்றோ ஜிஃப் என்றோ போட்டு அனுப்பினாலும் விண்டோஸ் உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் பார்த்து, ஓ இது மெட்டாஃபைல் என்று சரியான இடத்துக்கே அனுப்பிவைத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கூகுள் டெஸ்க்டாப் என்று ஒரு தேடல் மென்பொருள் இருந்தது, கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை எல்லாம் பின்னணியில் படித்து அட்டவணை போட்டுவைக்கும். விஷப்படம் டிஸ்க்கில் வந்து விழுந்தால், அது என்ன அளவு என்று தெரிந்துகொள்ள கூகுள் டெஸ்க்டாப் விண்டோஸையே கேட்கும், விண்டோஸ் திறந்து பார்க்கும், கதை முடிந்தது. பயனர் டீ குடிக்கப் போயிருந்தாலும் சரி. ஃபோல்டரைத் தம்நெயிலாகப் பார்ப்பதும் அதே கதைதான். நீங்கள் திறக்கவில்லை என்பதற்கும் யாருமே திறக்கவில்லை என்பதற்கும் ரொம்ப தூரம்.

நான் அப்போது ஒரு அலுவலகத்தில் சிஸ்டம்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதாவது பேட்ச், வரும்வரை மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வழி, படம் காட்டும் ஷிம்ஜிவியூ டிஎல்எல்லை, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோட் ஃபைலை, விண்டோஸின் பதிவிலிருந்து எடுத்துவிடுவது. ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து ரெகசர்வ் கட்டளையை அடித்தோம், அடித்து முடித்த சூட்டோடு டிசைன் பகுதியிலிருந்து "ஃபோல்டரில் படம் எதுவுமே தெரியவில்லை, என்ன செய்து தொலைத்தீர்கள்" என்று போன். அதுவும் முழுத் தீர்வு இல்லை, ஓட்டை இருந்தது ஜிடிஐக்குள், பெயிண்டில் திறந்தால் அப்போதும் ஓடும்.

இந்த நேரத்தில்தான் இல்ஃபாக் கில்ஃபனோவ், புரோகிராம்களைப் பிரித்துப் படிக்க உதவும் ஐடிஏ ப்ரோ என்ற டிஸ்அசெம்ப்ளரை எழுதியவர், டிசம்பர் 31 அன்று தானே ஒரு பேட்ச் எழுதி வெளியிட்டார். அந்த ஒரு எஸ்கேப் கட்டளையை மட்டும் மெமரியில் அடைத்துவிடும் சின்ன வேலை. கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பயிற்சி தரும் சான்ஸ் நிறுவனத்தின் இன்டர்நெட் ஸ்டார்ம் சென்டர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மைக்ரோசாஃப்டுக்காகக் காத்திருக்காதீர்கள், இதைப் போடுங்கள் என்று சொன்னது. வெளியாள் எழுதிய பேட்ச்சை அப்படி ஒரு இடம் பரிந்துரைப்பது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். அவருடைய தளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் முதலில் ஜனவரி 10 என்று தேதி சொன்னது, கடைசியில் நெருக்கடி தாங்காமல் 2006 ஜனவரி 5 அன்றே எம்எஸ்06-001 என்ற பேட்ச்சை வெளியிட்டது.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு, லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைன் இருக்கிறதே, அதிலும் இதே ஓட்டை இருந்தது. விண்டோஸ் செய்வதை அப்படியே செய்யவேண்டும் என்று எழுதினார்கள், அப்படியே செய்தது. பாதுகாப்பு நிபுணர் ஸ்டீவ் கிப்சன் இது மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே வைத்த கள்ளக்கதவு என்றார், விண்டோஸின் உள்ளமைப்பை அலசுவதில் பெயர்பெற்ற மார்க் ருசினோவிச் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படித் தெரியவில்லை, பழைய காலத்து வடிவமைப்பு என்றார். நான் ருசினோவிச் பக்கம்.

---

அரைத்தூக்க_டெவ்:

அண்ணன் சொன்னது நல்ல கதை, ஆனால் அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டால் கணக்குப்பிள்ளை சார் தப்பாகப் புரிந்துகொள்வார். டபிள்யூஎம்எஃப்பில் கோடை ஓட்டு என்ற வசதியே படத்துக்குள் இருந்தது, அது அபூர்வம். படங்களில் வரும் ஓட்டைகளில் பெரும்பாலானவை வேறு ரகம், கணக்கு தெரிந்தவருக்கு இன்னும் சுலபமாகப் புரியும், ஏனென்றால் அது கழித்தலில் வரும் பிழை.

டபிள்யூஎம்எஃப்புக்கு ஒரு வருஷம் முன்னால், 2004 செப்டம்பர் 14 அன்று, மைக்ரோசாஃப்ட் எம்எஸ்04-028 என்று ஒரு பேட்ச் விட்டது, அது ஜேபெக்குக்கு. ஜேபெக் ஃபைலுக்குள் கருத்து எழுதிவைக்க ஒரு பகுதி உண்டு, எந்தக் கேமராவில் எடுத்தது, யார் எடுத்தது என்று எதையாவது எழுதலாம், படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பகுதியின் தொடக்கத்தில் இரண்டு பைட்டில் நீளம் எழுதியிருக்கும். விதிப்படி அந்த நீளத்தில் நீளம் எழுதிய இரண்டு பைட்டும் சேர்த்தி. அதாவது கருத்து 10 எழுத்து என்றால் 12 என்று எழுதவேண்டும், கருத்தே இல்லை என்றால் 2. எனவே டிகோடர் எழுதியவர் நீளத்தைப் படித்தார், 2 கழித்தார், மீதி எத்தனையோ அத்தனை பைட்டைக் காப்பி செய் என்று எழுதினார். எல்லா ஒழுங்கான ஜேபெக்கிலும் அது சரியாகவே வேலை செய்யும்.

ஒருவன் அங்கே 0 என்று எழுதினால்? 0 கழித்தல் 2, மைனஸ் 2. ஆனால் அந்த எண் குறியில்லாத 32 பிட் எண்ணாகப் பார்க்கப்படும்போது மைனஸ் என்று ஒன்று கிடையாது, அது 4,29,49,67,294 ஆகிவிடும். 4 ஜிபி கருத்து! டிகோடர் சளைக்காமல் காப்பி செய்ய ஆரம்பிக்கும், தனக்கு ஒதுக்கிய சின்ன இடம் முடிந்த பிறகும் பக்கத்தில் இருப்பவற்றின் மேல் எழுதிக்கொண்டே போகும். பக்கத்தில் இருப்பது அடுத்து எங்கே போகவேண்டும் என்று புரோகிராம் குறித்துவைத்த முகவரியாக இருந்தால், அந்த முகவரி இனி படம் அனுப்பியவன் எழுதிய முகவரி. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான் சார்: தகவலும் கோடும் ஒரே மெமரியில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன, நடுவே இருக்கும் வேலி இந்த மாதிரி ஒரு கழித்தல் கணக்குதான்.

கொடுமை என்னவென்றால் இதே பிழையை, அதே ஜேபெக் கருத்துப் பகுதியில், அதே நீளக் கணக்கில், சோலார் டிசைனர் என்ற புனைபெயரில் எழுதுபவர் 2000லேயே நெட்ஸ்கேப் பிரவுசரில் கண்டுபிடித்து விளக்கமாக எழுதியிருந்தார். நாலு வருஷம் கழித்து இன்னொரு நிறுவனத்தின் கோடில் அதே பள்ளம். அதுவும் அந்த ஜேபெக் டிகோடர் இருந்த ஜிடிஐ ப்ளஸ் என்ற டிஎல்எல்லை ஏகப்பட்ட மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டரிலேயே தனியாக ஒரு பிரதி வைத்திருந்தன, விண்டோஸை அப்டேட் செய்தால் விண்டோஸ் வைத்திருந்த பிரதி சரியாகும், மற்றவை அப்படியே கிடக்கும்.

அந்தத் தலைவலி இன்னும் தீரவில்லை. 2023 செப்டம்பரில் லிப்வெப்பியில் வந்ததைப் பாருங்கள். வெப்பி என்பது கூகுள் கொண்டுவந்த பட வகை, அதைப் பிரிக்கும் லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் எடுத்துத் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் கோடை, லிப்வெப்பி என்ற பெயரில் கூகுள் இலவசமாகக் கொடுத்தது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, எலக்ட்ரான் என்ற ஆப் செய்யும் கருவியை வைத்துச் செய்த அத்தனை டெஸ்க்டாப் ஆப்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஹஃப்மேன் அட்டவணை கட்டும் இடத்தில் பிழை. அடிக்கடி வரும் மதிப்புக்குச் சின்னக் குறி, எப்போதாவது வருவதற்கு நீளமான குறி, அந்தக் குறிகளின் பட்டியல் ஃபைலிலேயே வரும். ஒழுங்கான பட்டியலாக இருந்தால் அட்டவணை அதிகபட்சம் இவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த அளவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கு சரியான கணக்கு. ஆனால் பட்டியல் ஒழுங்கானதா என்று பார்ப்பதற்கு முன்பே அட்டவணையை நிரப்பத் தொடங்கியது, ஒழுங்கில்லாத பட்டியல் வந்தால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியது. பல வருஷமாகத் தானியங்கிச் சோதனைகளைப் போட்டு அடித்த லைப்ரரி அது, அதிலும் தப்பியிருந்தது.

செப்டம்பர் 11 அன்று கூகுள் இதை குரோமில் ஒரு ஓட்டை என்று அறிவித்தது. லைப்ரரியின் பெயர் அந்த அறிவிப்பில் முன்னால் நிற்கவில்லை. அதனால் அதே லைப்ரரியைத் தங்கள் ஆப்புக்குள் வைத்திருந்த எத்தனையோ பேர், ஓ குரோம் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். இது எனக்கு அன்றைக்கே எரிச்சல், இன்றைக்கும் எரிச்சல்.

---

சும்மா_கேட்டேன்:

எல்லாம் சரி, ஆனால் இதெல்லாம் பத்திரிகையாளர், அரசியல்வாதி, எதிர்ப்பாளர் மாதிரி ஆட்களுக்குத்தானே. ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து ஆயுதமாக்கக் கோடிக்கணக்கில் செலவு. அதைக் கொண்டுவந்து கணக்குப்பிள்ளை அப்பாவின் போனில் ஏன் வீணாக்கப் போகிறார்கள்? ஆளை சும்மா பயமுறுத்தாதீர்கள். அவர் அப்பாவுக்கு வரப்போவது கரண்ட் பில் கட்டவில்லை என்ற மோசடி எஸ்எம்எஸ்தான்.

---

நெட்வொர்க்_நாச்சியார்:

பாதி சரி. பாதி ஏன் சரியில்லை என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்தக் கோடிகள் எதற்குச் செலவாகின்றன என்று பார்க்க ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் படம் எப்படி ஓடும் என்ற கேள்விக்கு இதைவிட விபரீதமான பதில் கிடையாது.

2021 செப்டம்பர் 13 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 14.8 வெளியிட்டது. சவூதி எதிர்ப்பாளர் ஒருவரின் ஐபோனை ஆராய்ந்த டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழுவான சிட்டிசன் லேப், அதில் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் வந்த வழியைக் கண்டுபிடித்து ஆப்பிளிடம் கொடுத்திருந்தது, ஃபோர்ஸ்ட்என்ட்ரி என்று பெயர் வைத்தார்கள். ஐமெசேஜில் ஜிஃப் என்ற பெயரோடு ஒரு ஃபைல் வருகிறது. ஜிஃப் படங்கள் நிற்காமல் திரும்பத் திரும்ப ஆடவேண்டும் என்று ஆப்பிளுக்கு ஆசை, அதற்காக, வந்த ஜிஃப்பில் எத்தனை தடவை ஓடவேண்டும் என்ற ஒரு எண்ணை மாற்றிப் புதிய பிரதி எடுத்துவைக்கும். அந்தப் பிரதியெடுக்கும் வேலையில் படத்தை முழுக்கப் பிரித்துவிடுகிறது. பிரிப்பது இமேஜ்ஐஓ என்ற லைப்ரரி, அது பெயரில் ஜிஃப் என்று இருப்பதை மதிக்காது, உள்ளே பார்க்கும், உள்ளே இருந்தது பிடிஎஃப். பழைய_சிஸ்டம்ஸ் அண்ணா சொன்ன அதே 2005 கதை, பெயரை நம்பாமல் உள்ளே பார்க்கும் நல்ல பழக்கத்தால் வந்த வினை.

பிடிஎஃப்புக்குள் ஜேபிக்2 என்ற வகைப் படம். ஃபேக்ஸ், ஸ்கேனர் காலத்துக் கறுப்பு வெள்ளைச் சுருக்கமுறை, யாரும் ஐபோனில் அதைத் தேடிப் போகமாட்டார்கள், ஆனால் எக்ஸ்பிடிஎஃப் என்ற திறந்த மென்பொருளிலிருந்து எடுத்த கோடோடு சேர்ந்து உள்ளே இருந்தது. அதில் ஒரு எண் வழிந்து மெமரியில் தாண்டி எழுத வழி கிடைத்தது. சாதாரணமாக இதோடு ஒரு ஸ்கிரிப்ட் மொழி ஏதாவது கையில் இருந்தால்தான் அடுத்த கணக்குகளைப் போட முடியும், ஜேபிக்2வில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு கறுப்பு வெள்ளைப் படத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அண்டு, ஆர், எக்ஸ்ஆர் என்று சேர்க்கும் வசதி உண்டு. கம்ப்யூட்டர் சிப்புக்குள் எல்லாக் கணக்கையும் போடும் லாஜிக் கேட்டுகள் செய்வதும் இதே வேலைதான். எனவே 70,000க்கும் மேற்பட்ட படத்துண்டுக் கட்டளைகளை அடுக்கி, மெமரியின் மேலேயே ரெஜிஸ்டர்கள், 64 பிட் கூட்டல், ஒப்பிடுதல் எல்லாம் கொண்ட ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கட்டி, அதை ஓடவைத்து, அடுத்த கட்டத் தாக்குதலை அதற்குள்ளிருந்து நடத்தியிருக்கிறார்கள். கூகுளின் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோவில் இயன் பியரும் சாமுவேல் க்ராஸும் அந்த டிசம்பரில் இதைப் பிரித்து எழுதியபோது படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. போனுக்குச் சொந்தக்காரர் ஒன்றுமே செய்யவில்லை, ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான்.

இதற்கு முன்பே, ஐஓஎஸ் 14இல், ஐமெசேஜில் வருவதை எல்லாம் ப்ளாஸ்ட்டோர் என்ற தனி அறைக்குள் வைத்துப் பிரிக்கும் ஏற்பாடு வந்திருந்தது, அங்கே ஏதாவது வெடித்தாலும் வெளியே வராது. ஆனால் இந்த ஜிஃப் பிரதியெடுக்கும் வேலை மட்டும் அறைக்கு வெளியே நடந்தது. ஐஓஎஸ் 15இல் அதையும் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

இப்போது பாதி ஏன் சரியில்லை என்று. விலையுயர்ந்த ஓட்டை என்பது பேட்ச் வரும்வரைதான் விலையுயர்ந்தது. பேட்ச் வந்த மறுநாள், பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் வைத்து எது மாறியது என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும், அதற்கு அரசாங்கப் பணம் தேவையில்லை. அப்டேட் போட்டவருக்குக் கவலை இல்லை. அப்டேட்டே வராத போனுக்கு அந்த ஓட்டை என்றென்றைக்கும் திறந்துதான் இருக்கும். டபிள்யூஎம்எஃப்பை வைத்து அடித்தவர்கள் உளவுத்துறை இல்லை, விளம்பர மென்பொருளும் ஸ்பைவேரும் இறக்கிக் காசு பார்த்த சாதாரணக் கும்பல்கள்.

ஆனால் இன்றைய போனில் அது அன்றைய எக்ஸ்பி அளவுக்கு லேசும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். 2020இல் மாத்தேயுஸ் யூர்ச்சிக் என்பவர் சாம்சங் போன்களில் க்யூமேஜ் என்ற பட வகையைப் பிரிக்கும் இடத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார், 2014 கடைசியிலிருந்து வந்த சாம்சங் போன்கள் எல்லாவற்றிலும் இருந்தது. எம்எம்எஸ் வந்தால் போதும், தட்டவேண்டாம். ஆனாலும் மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று போன் ஒவ்வொரு தடவையும் கலைத்துப்போட்டு வைப்பதால், அதை ஊகிக்க 50 முதல் 300 எம்எம்எஸ் வரை அனுப்பவேண்டியிருந்தது, சராசரியாக 100 நிமிஷம் பிடித்தது. நடக்கும், ஆனால் உழைக்கவேண்டும். எனவே சும்மா_கேட்டேன் சொல்கிறபடி, கணக்குப்பிள்ளை அப்பாவின் பணத்துக்கு இன்றைக்கு முதல் ஆபத்து கரண்ட் பில் எஸ்எம்எஸ்தான், இதில் சண்டை போடமாட்டேன்.

---

கணக்குப்பிள்ளை_77:

அந்தக் கழித்தல் கணக்கு பளிச்சென்று புரிந்துவிட்டது, நன்றி. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் மைனஸ் இருப்பு வந்தால் சிவப்பில் கத்தும், இங்கே கத்த ஆள் இல்லை.

ரெண்டு சந்தேகம். வாட்ஸப் வழியாக வரும் படத்தை வாட்ஸப் சர்வரிலேயே ஒரு தடவை பிரித்து மறுபடி சேமித்து அனுப்பினால் விஷம் போய்விடாதா? ஆட்டோ டவுன்லோடை அணைத்துவைத்தால் போதுமா? அப்பா போனைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

நெட்வொர்க்_நாச்சியார்:

சர்வரில் செய்ய முடியாது, ஏனென்றால் சர்வருக்கு உங்கள் படம் தெரியாது. எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் என்றால் அனுப்பியவர் போனிலும் உங்கள் போனிலும் மட்டும்தான் அது படம், நடுவில் பூட்டிய பெட்டி. போட்டோவாக அனுப்பும்போது சுருக்கிச் சேமிப்பது உண்மை, ஆனால் அது அனுப்புகிறவர் போனில் நடக்கிறது. நல்ல எண்ணத்தோடு அனுப்புகிற உங்கள் சித்தப்பாவுக்கு அது பொருந்தும், கெட்ட எண்ணத்தோடு அனுப்புகிறவன் சுருக்காத ஃபைலை டாக்குமெண்டாக அனுப்புவான், இல்லை வாட்ஸப் மாதிரி பேசும் சொந்தப் புரோகிராமை வைத்திருப்பான். ரகசியமும் வேண்டும், நடுவில் யாராவது சோதித்தும் அனுப்பவேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது, எனக்கு ரகசியமே போதும்.

நீங்கள் படித்த சாம்சங் விஷயம் லேண்ட்ஃபால் என்று பெயர் வைக்கப்பட்டது, பாலோ ஆல்டோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வுக்குழு போன வருஷக் கடைசியில், 2025 நவம்பரில், வெளியிட்டது. டிஎன்ஜி என்பது கேமராவின் கச்சாப் பட வகை. அந்த ஃபைலின் வாலில் ஒரு ஜிப்பை ஒட்டிவைத்திருந்தார்கள், டிகோடர் தடுக்கி விழுந்ததும் வாலில் இருந்ததை எடுத்து ஓட்டும். 2024 ஜூலையிலிருந்தே நடந்திருக்கிறது, சாம்சங் அடைத்தது 2025 ஏப்ரல் அப்டேட்டில். குறிவைக்கப்பட்டவர்கள் ஈராக், ஈரான், துருக்கி, மொராக்கோ பக்கம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். வாட்ஸப்பில் ஓட்டை எதையும் அவர்கள் இதில் காணவில்லை, தபால்காரர் மாதிரி அது கொண்டுவந்து கொடுத்தது, பிரித்தது போன்.

ஆட்டோ டவுன்லோடை அணைப்பது நல்லது, டேட்டாவும் மிச்சம். ஆனால் அதையே கவசம் என்று நம்பவேண்டாம், ஃபைல் ஒரு தடவை போனுக்குள் வந்துவிட்டால் கேலரி அதைத் தேடிப் பிடித்துத் தம்நெயில் எடுக்கும், பேக்கப் ஆப் தொடும்.

---

அரைத்தூக்க_டெவ்:

அக்கா சொன்னதோடு ஒன்று. இனி இப்படி வராமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஒன்று டிகோடரைத் தனி அறையில் பூட்டுவது, இன்னொன்று ரஸ்ட் மாதிரி புரோகிராம் மொழியில் திருப்பி எழுதுவது. குரோமில் பிஎன்ஜி பிரிக்கும் கோடை ரஸ்டுக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுத முயன்றால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும், படம் தெரியாது, அவ்வளவுதான் நஷ்டம். 2004 ஜேபெக், 2023 வெப்பி இரண்டும் அதில் பிழைத்திருக்காது. ஆனால் டபிள்யூஎம்எஃப்பை ரஸ்டில் எழுதியிருந்தாலும் ஓட்டை ஓட்டைதான், அங்கே கோடு தப்பு செய்யவில்லை, செய்யச் சொன்னதே தப்பு.

---

பழைய_சிஸ்டம்ஸ்_ஆள்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வடிவமைத்தவர் தலையில் பிரிண்டர் இருந்தது, இணையம் இல்லை.

அப்பா போன் விஷயம், நேராகச் சொல்கிறேன். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு பேட்ச் என்று ஒரு தேதி இருக்கும், அதைப் பாருங்கள். சில மாதம் பழையது என்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் பழையது என்றால், பேங்க் ஆப், ஜிபே, ஓடிபி வரும் சிம் எல்லாவற்றையும் அப்டேட் வருகிற இன்னொரு போனுக்கு மாற்றிவிட்டு, இந்தப் போனைப் பாட்டு கேட்கவும் யூட்யூப் பார்க்கவும் கொடுத்துவிடுங்கள். புதுப் போன் வாங்குவதாக இருந்தால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று கேளுங்கள், விலை குறைந்த போன்களிலும் இப்போது அதை வெளிப்படையாகப் போடுகிறார்கள். வாட்ஸப்பும் குரோமும் தங்கள் டிகோடர்களில் சிலவற்றைத் தாங்களே வைத்திருப்பதால் ப்ளே ஸ்டோரில் அவற்றையாவது அப்டேட் செய்துகொண்டிருங்கள், அது பழைய போனுக்கும் வரும். ஐபோன்காரர்கள் யாராவது நிஜமாகவே குறிவைக்கப்படும் வேலையில் இருந்தால் சில வசதிகளை அடைத்துப் பாதுகாப்பைக் கூட்டும் லாக்டவுன் மோட் போட்டுக்கொள்ளலாம், 2023இல் ஐமெசேஜ் வழியாக வந்த ப்ளாஸ்ட்பாஸ் தாக்குதலை அது தடுத்திருக்கும் என்று ஆப்பிளே சிட்டிசன் லேப்பிடம் சொன்னது. அப்பாவுக்கு அது தேவையில்லை.

---

கணக்குப்பிள்ளை_77:

பார்த்தேன், 2021 என்று காட்டுகிறது. பேங்க் ஆப்பை இன்று மாலையே அம்மா போனுக்கு மாற்றிவிடுகிறேன், சிம்மை மாற்றுவதற்குத்தான் அவரிடம் கொஞ்சம் பேசவேண்டியிருக்கும். லேப்டாப்புக்கும் இதே கதைதானா?

---

அரைத்தூக்க_டெவ்:

விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றிக் கவலை வேண்டாம். கம்ப்யூட்டரை முதலில் கிளப்பும் பயாஸ் மென்பொருளின் அப்டேட்டையும் ஒரு தடவை பாருங்கள். 2023 டிசம்பரில் பைனார்லி என்ற நிறுவனம் லோகோஃபெயில் என்று ஒன்றை வெளியிட்டது, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நிறுவனத்தின் சின்னம் வருகிறதே, அந்தப் படத்தைப் பிரிக்கும் கோடிலேயே ஓட்டைகள், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே. அந்தச் சின்னத்தை மாற்றிவைக்க ஒருவனுக்கு முதலில் உங்கள் மெஷினில் அட்மின் உரிமை வேண்டும், எனவே அவசரமில்லை. லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டால் வந்துவிடும், சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள்.